வீடு திரும்பும் வழியும் விருந்தின் மொழியும்: விக்ரம் சேத்தின் பயணநூலை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

அயல்மொழி நூலொன்றைத் தமிழில் பெயர்க்கும்போது அதன் மூலமொழி எது என்னும் வினா பொதுவாக எழுப்பப்படுவதில்லை. நூல் எம்மொழியில் அச்சாகியுள்ளதோ அதுவே மூலமொழி எனக் கொள்வது வழக்கம். பயணநூல்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் முழுதும் பொருந்துவதில்லை. பயணி வழியில் ஒரு மொழியில் பேசுகிறார். வீடு திரும்பியபின் வேறொரு மொழியில் எழுதுகிறார். வழியில் தமக்கு உணவும் உறைவிடமும் தந்தோரின் சொற்களை அவர் எழுதும்போதே பெயர்த்துவிடுகிறார். எனவே நாம் படிக்கும் 'மூலம்' ஓரளவு மொழிபெயர்ப்பே ஆகும்.

இச்சிக்கலை ஆராய விக்ரம் சேத் 1983-இல் வெளியிட்ட 'ஃப்ரம் ஹெவன் லேக்' என்னும் ஆங்கிலப் பயணநூல் தக்க சான்றாக அமைகின்றது. சீனாவில் கல்வி பயின்ற இந்திய மாணவர் ஒருவர் தரைவழியாகத் தில்லிக்குத் திரும்பிய வரலாறு அது. அதன் உரையாடல்களிற் பெரும்பகுதி சீனமொழியில் நிகழ்ந்தது. நூலோ ஆங்கிலத்தில் உள்ளது. இதனைத் தமிழில் தர முனைவோர் எம்மொழியிலிருந்து பெயர்க்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வினா. விருந்தோம்பல் தொடர்பான பகுதிகளில் இவ்வினா கூர்மை பெறுகிறது. ஏனெனில் விருந்தோம்பல் என்பது சோறிடுவதோடு முடிவதன்று. அழைத்தல், முறைசொல்லி விளித்தல், உண்ணத் தூண்டுதல், விடைகொடுத்தல் ஆகிய மொழிச்செயல்களின் தொகுதி அது.

2. நூலும் வழியும்

1952-இல் கல்கத்தாவில் பிறந்த சேத், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வு மாணவராக இருந்து, 1980 முதல் ஈராண்டு சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் தங்கியவர். 1981-ஆம் ஆண்டுக் கோடையில் அயல்நாட்டு மாணவர் குழுவோடு சிங்சியாங் பகுதிக்குச் சென்றபோது, துருபான் என்னும் ஊரில் லாசா நகருக்குச் செல்லும் அனுமதி அவருக்குக் கிட்டியது. 1951-இல் வெளியான 'ஆவாரா' இந்தித் திரைப்படத்தின் தலைப்புப் பாடலை அவர் அங்குப் பாடியதும் அதற்கு ஒரு காரணம். 'ஆவாரா' என்றால் வீடு வாசலின்றித் திரிபவன். வீடு திரும்ப விரும்பியவருக்கு வீடற்றவனின் பாட்டு வழி திறந்தது.

பின்னர் அவர் குழுவினின்று பிரிந்து, லியுயுவானில் ஒரு லாரியில் இடம்பிடித்துத் துன்ஹுவாங், கெர்மு, நாக்சு வழியாக லாசா சேர்ந்தார். அவ்வழியில் உள்ள தங்லா கணவாய் 5,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. லாரி ஓட்டுநர் சுய் என்பவரும், அவருடன் வந்த உறவினனான சியாவ் சான் என்னும் இளைஞனும் அப்பயணத்தின் துணைவர். லாசாவில் நோர்பு என்னும் திபெத்தியர் அறிமுகமாகிறார். அவர் குடும்பத்தார் அண்மை ஆண்டுகளிற் பட்ட துன்பங்களைப் பயணி கேட்டறிகிறார். அங்கிருந்து நேபாள எல்லை. அவ்வாண்டு சூலையில் போட்டே கோசி ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் எல்லைப் பாலத்தையும் சாலையையும் சிதைத்திருந்தமையால், எல்லைக்கு அப்பால் நடையும் தேவைப்பட்டது. காட்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வானூர்தி. நூல் 1983-இல் தாமஸ் குக் பயணநூற் பரிசு பெற்றது.

சேத் பின்னர் வாங் வெய், லி பாய், து ஃபு ஆகியோரின் சீனக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1992-இல் நூலாக்கியவர். ஆகவே அவரை மொழிபெயர்ப்பாளராகவும் கருதி இந்நூலை மதிப்பிடுவது முறையே.

3. ஒருமை பெற்ற ஆங்கிலம்

இந்நூலின் ஆங்கிலத்தில் பாராட்டத்தக்க ஒரு பண்பு உண்டு. சீனர் பேசுவதைக் காட்ட உடைந்த ஆங்கிலத்தையோ, சீனத் தொடரமைப்பைப் போலி செய்யும் விந்தை நடையையோ ஆசிரியர் கையாளவில்லை. ஓட்டுநரும் அதிகாரியும் மாணவரும் இயல்பான ஆங்கிலம் பேசுகின்றனர். தம் மொழியில் தடையின்றிப் பேசியவரை அயல்மொழியில் தடுமாறுவோராகக் காட்டுவது அவரைத் தாழ்த்துவதாகும். சேத் அத்தவற்றைச் செய்யவில்லை.

ஆயினும் இந்நேர்த்திக்கு ஒரு விலை உண்டு. யார் எம்மொழியில், எந்நிலையில் நின்று பேசினார் என்பது மறைகிறது. சுய் பேசுவது அவர்க்குரிய சீனம். சேத் பேசுவது கற்ற சீனம். நோர்புவிற்கும் சேத்துக்கும் சீனம் தாய்மொழியன்று. நோர்புவிற்கு அது ஆட்சியின் மொழியுமாகும். தம் குடும்பம் பட்ட துன்பத்தை, அத்துன்பம் யாரால் வந்ததோ அவர் மொழியிலேயே ஒருவர் விருந்தினரிடம் கூற நேர்வது சிறிய செய்தியன்று. ஆங்கில நடையில் இம்மூவகைச் சீனமும் ஒரே நீர்மட்டத்தில் நிற்கின்றன. படிப்போர் கதைச்சூழலைக் கொண்டே வேறுபாட்டை உய்த்துணர வேண்டியுள்ளது.

ஆங்கிலத்தின் அமைப்பே இதற்கு ஒரு காரணம். 1960-இல் பிரவுன், கில்மன் ஆகிய இருவரும் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அளவைகளால் விளக்கினர். ஆங்கிலம் அவ்வேறுபாட்டைப் பொது வழக்கினின்று இழந்துவிட்ட மொழி. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றும் அதனைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் வாய்மூடி இருக்கும் இடத்தில் தமிழ் பேசியே ஆகவேண்டும் என்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டு.

4. முன்னிலையும் முறைப்பெயரும்

சீனமொழியின் பொது முன்னிலை ஒருமைப் பெயர் ஒலியளவில் தமிழ் 'நீ'யை ஒத்தது. உயர்வு குறிக்கும் 'நின்' என்னும் வடிவமும் உண்டு. ஆனால் அது பெரிதும் வடபுல வழக்கு. இவ்வொலியொப்புமையைக் கண்டு சீன 'நீ' வருமிடமெல்லாம் தமிழ் 'நீ' வரலாம் எனக் கருதுதல் பிழை. சீன 'நீ' புதியவரிடமும் பெரியவரிடமும் இழுக்கின்றி வழங்கும் பரப்புடையது. மரியாதையை அங்கே முன்னிலைப் பெயர் மட்டும் சுமப்பதில்லை. விளிச்சொல்லே பெரும்பங்கு சுமக்கிறது. சீன விளிச்சொற்கள் பற்றி யுவென் ரென் சாவ் 1956-இல் எழுதிய கட்டுரை இதனை விரிவாகப் புலப்படுத்தும். குடும்பப்பெயருக்கு முன் 'முதிய', 'சிறிய' எனப் பொருள்படும் அடைகளைச் சேர்த்தல், தொழில்வல்லாரை ஆசான் எனப் பொருள்படும் சொல்லால் விளித்தல், உறவல்லாதாரையும் முறைசொல்லி அழைத்தல் ஆகியன பெருவழக்கு. தமிழிலும் லாரி ஓட்டுநரைக் கிளீனர் பெயர்சொல்லி அழைப்பதில்லை. 'அண்ணே' என்றே அழைப்பார்.

பின்வரும் தொடர்கள் நூலில் உள்ளவையல்ல. சிக்கலை விளக்க அமைத்துக்கொண்டவை. ஓட்டுநர் பயணியிடம் உண்டாயிற்றா எனக் கேட்பதாகக் கொள்வோம்.

(1) அ. நீ சாப்பிட்டாயா?
ஆ. நீங்கள் சாப்பிட்டீர்களா?
இ. சாப்பிட்டாயா, தம்பி?
ஈ. சாப்பாடு ஆயிற்றா?

(1ஆ) ஆங்கிலம் வழியாகப் பெயர்ப்போர் பெரும்பாலும் மேற்கொள்வது. அது மரியாதையானது, ஆனால் ஓட்டுநரை விடுதி ஊழியராக்கிவிடும். (1அ) நெருக்கத்தையும் குறிக்கலாம், அலட்சியத்தையும் குறிக்கலாம். (1இ) நெருக்கத்தை ஐயமின்றிக் காட்டும். ஆனால் எந்நாளிலிருந்து அவர் தம்பியானார் என்பதை மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டும். (1ஈ) கவனிக்கத்தக்கது. எதிரிலிருப்பவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற தயக்கம் தோன்றும்போது, முன்னிலையையே தவிர்த்துப் பேசும் உத்தி தமிழரிடம் இயல்பாக உண்டு. சீனத்திலும் உண்டாயிற்றா என்னும் நலவினா எழுவாயின்றியே வழங்குகிறது. இரு மொழிகளும் ஒத்து நிற்கும் இவ்விடத்தில் இடையிலுள்ள ஆங்கிலம் இலக்கணத் தேவையால் முன்னிலைப் பெயரொன்றைச் சேர்க்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்கு ஒரு 'நீங்கள்' தேடுகிறார். இல்லாத ஒன்றைப் பெயர்க்கும் உழைப்பு இது.

முறைப்பெயரில் சிக்கல் இன்னும் கடியது. சியாவ் சான் ஓட்டுநருக்கு என்ன முறை என்பதை ஆங்கிலம் ஒரே சொல்லால் கூறி முடிக்கிறது. அச்சொல் உடன்பிறந்தான் மகனையும் உடன்பிறந்தாள் மகனையும் ஒருங்கே குறிப்பது. தமிழில் ஓர் ஆணுக்கு முன்னவன் மகன் முறையினன், பின்னவன் மருமகன். திராவிட உறவுமுறையின் அடிப்படை வேறுபாடே இதுதான். சீனமும் இவ்விருவரை வேறு சொற்களால் சுட்டுகிறது. உடன்பிறந்தாள் மகனைக் குறிக்கும் சொல்லில் 'வெளி' என்னும் பொருளுடைய உறுப்பு உள்ளது. ஆக, வழியில் பேசிய மொழியும் அறியும், பெயர்க்கப்படும் மொழியும் அறியும் ஒரு செய்தியை இடைப்பட்ட மொழி அழித்திருக்கிறது. 'உறவுக்காரப் பையன்' என்று பொதுப்படக் கூறுவதே இங்கு நேர்மையான வழி. ஒரு முறையை ஊகித்து எழுதினால், அது மூலத்தில் இல்லாத குடும்பமொன்றைப் படைப்பதாக முடியும்.

5. 'நாங்கள்' எப்போது 'நாம்' ஆகிறது?

தன்மைப் பன்மையில் முன்னிலையாரை உளப்படுத்துவதும் விலக்குவதும் தமிழின் தனிக்கூறுகளுள் ஒன்று. வட சீன வழக்கிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. பயணநூலொன்றில் இது வெறும் இலக்கணச் செய்தியாக நின்றுவிடுவதில்லை.

(2) அ. இன்றிரவு நாங்கள் இங்கே தங்குவோம்.
ஆ. இன்றிரவு நாம் இங்கே தங்குவோம்.

(2அ)வை ஓட்டுநர் கூறினால் பயணி தமக்கு வேறிடம் தேட வேண்டும். (2ஆ) கூறினால் அவருக்கும் அங்கே பாய் உண்டு. லாரியில் ஏறிய முதல்நாள் அவர் இடம் கேட்டு வந்தவர். பல நாள் ஒரே இருக்கையில் நெருங்கியமர்ந்து, சேற்றில் வண்டி சிக்குண்டபோது உடனிருந்தவர் லாசா சேர்வதற்குள் அக்குழுவின் ஓர் உறுப்பினராகிவிடுகிறார். இம்மாற்றத்தை ஆங்கிலம் நிகழ்ச்சிகளால் காட்டுகிறது. தமிழோ ஒரு பதிலிடுபெயர் மாற்றத்தால் காட்ட இயலும், காட்டியும் ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளர் முதற்பக்கத்திலிருந்தே 'நாம்' என எழுதிச் சென்றால் நட்பு வளர்ந்த வரலாறு அழியும். இறுதிவரை 'நாங்கள்' என எழுதினால் நட்பே தோன்றாது. எந்த இடத்தில் மாறுவது என்பது இலக்கியத் தீர்ப்பு. ஆங்கிலப் பக்கத்தில் அதற்கு விடை எழுதப்பட்டிருக்காது.

தமிழில் வீட்டுக்குரியவர் விருந்தினரிடம் தம் வீட்டை 'நம் வீடு' என்று குறிப்பதை இங்கு நினைவுகூரலாம். சொத்துரிமை நோக்கில் அக்கூற்று பொய். விருந்தோம்பலின் இலக்கணத்தில் அதுவே மெய். விருந்தினரைத் தன்மைப் பன்மைக்குள் சேர்த்துக்கொள்வதே முதல் வரவேற்பு.

6. விருந்தினர் இருவகையர்

1980-களின் சீனாவில் அயல்நாட்டாரை 'வெளி விருந்தினர்' எனப் பொருள்படும் சொல்லால் அரசு குறித்தது. அவருக்கெனத் தனி விடுதி, தனிக் கடை, தனி விலை இருந்தன. அவ்விருந்தினர் போற்றப்படுவார், ஆனால் மக்களிடமிருந்து பிரித்தும் வைக்கப்படுவார். சேத் குழுவைவிட்டு லாரியில் ஏறியதன் பொருள் அரசின் விருந்தினராயிருந்தவர் ஒரு மனிதரின் விருந்தினரானார் என்பதே. தமிழில் இருவரையும் 'விருந்தினர்' என்றே கூறினால் நூலின் மையத் திருப்பம் மங்கிவிடும். முன்னவரை 'அயல்நாட்டு விருந்தாளர்' எனச் சற்று விறைப்பான அலுவல்மொழியிலும், பின்னவரை 'விருந்து', 'விருந்தாளி' என வீட்டு வழக்கிலும் வேறுபடுத்துதல் ஏற்றது. 'விருந்து' என்னும் சொல் பழந்தமிழில் புதுமை என்னும் பொருளுடையது. தொல்காப்பியம் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு இப்பெயரிட்டமை அறிவோம். புதிதாக வருபவரே விருந்து. சுற்றத்தாரும் நட்பினரும் அச்சொல்லின் முதற்பொருளில் அடங்கார்.

சீனத்தில் பணிவு, உபசார வழக்கு என்பவற்றைக் குறிக்கும் சொல்லின் முதலுறுப்பும் 'விருந்தினர்' என்பதே. ஆகவே வீட்டார் விருந்தினரிடம் கூச்சம் வேண்டா என்பதைச் சொல்லளவில் 'விருந்தினராய் இராதீர்' என்றே கூறுவர். ஆங்கிலத்தில் இது உபசாரம் வேண்டா என்னும் வெற்று வேண்டுகோளாகச் சுருங்கும். தமிழில் 'கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்', 'வேற்றாள் போல் இராதீர்கள்' என்னும் வழக்குகள் கைகொடுக்கும். இவை ஆங்கிலத் தொடருக்கு நேரானவையல்ல. அத்தொடருக்குப் பின்னிருந்த செயலுக்கு நேரானவை.

நன்றி கூறுதலும் அத்தகையதே. ஆங்கிலப் பயணநூல்களில் நன்றிமொழி அடிக்கடி இடம்பெறும். அதனை ஒவ்வோரிடத்திலும் 'நன்றி' எனப் பெயர்த்தால், உண்ட வீட்டில் கணக்குத் தீர்த்ததுபோல் தமிழ்க்காதில் ஒலிக்கும். நம் வீடுகளில் உண்டபின் நன்றி கூறுவதில்லை. 'வயிறு நிறைந்தது' என்போம், அல்லது சமையலைப் புகழ்வோம், அல்லது நம் ஊருக்கு வருமாறு அழைப்போம். நன்றியுணர்வு இல்லையென்பது இதன் பொருளன்று. அதற்குரிய மொழிச்செயல் வேறு.

விடைபெறுதலில் இரு மொழிகளும் மீண்டும் நெருங்குகின்றன. சீன வீட்டார் விருந்தினரை 'மெதுவாகச் செல்க' எனப் பொருள்படும் தொடரால் வழியனுப்புவர். நாம் 'பார்த்துப் போங்கள்' என்கிறோம். செல்பவர் 'போய் வருகிறேன்' என்கிறார். திரும்பி வர இயலாத வழியிற் செல்பவரும் 'வருகிறேன்' என்றே கூறுவார். லாசாவில் லாரித் துணைவரைப் பிரிந்து நேபாளம் நோக்கிச் செல்பவர் மீண்டும் அவ்வழி வருவது அரிது. அவர் வாயில் 'போய் வருகிறேன்' என்னும் தொடரை வைப்பது பொருள்பிழையா, பொருட்சிறப்பா? பொருட்சிறப்பே என்பது இக்கட்டுரையின் கருத்து.

7. ஆற்றுப்படை தரும் ஒளி

வழிநெடுக விருந்துண்டு செல்லும் செலவு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றின் கூற்றுநிலை நம் பொருளுக்கு நெருக்கமானது. புலவர் ஆற்றுப்படைகளில் பேசுபவன் வள்ளலிடம் பரிசில் பெற்று ஊர் திரும்புபவன். கேட்பவன் இனிமேல் செல்ல இருப்பவன். ஆக, ஆற்றுப்படை வீடு திரும்புவோனின் வாய்மொழி. சேத்தின் நூலும் அத்தகையதே. ஆனால் அது தன்மையில் நின்று நடந்ததைக் கூறுகிறது. ஆற்றுப்படை முன்னிலையை நோக்கி நடக்கவிருப்பதைக் கூறுகிறது. முன்னது நான் பெற்றேன் என்கிறது. பின்னது நீயும் பெறுவாய் என்கிறது.

மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனிடம் செல்லும் வழியை விரிக்கிறது. நன்னனின் கூத்தர் என்று சொன்ன அளவில், மலைவாழ் குடியினர் சிற்றூரில் உம் வீட்டில் நுழைவதுபோலத் தயங்காது நுழையலாம், உரிமையுடையார்போலப் பழகலாம் என்பது அங்குத் தரப்படும் உறுதி. வள்ளலின் பெயரே நுழைவுச்சீட்டு. சேத் கையிலிருந்த அனுமதிச்சீட்டு சோதனைச்சாவடிகளைத் திறந்தது; வீடுகளைத் திறக்கவில்லை. வீடுகளைத் திறந்தது அவர் பேசிய மொழி. சீனம் அறியாத அயலார் ஒருவர் அதே சீட்டுடன் அதே லாரியில் வந்திருந்தால் நூல் மலைகளைப் பற்றியதாக மட்டும் அமைந்திருக்கும்.

பெரும்பாணாற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் விருந்தளிப்போரை அவர் தரும் உணவால் வேறுபடுத்துகின்றன. எயினர் தருவது வேறு, கோவலர் தருவது வேறு, உழவர் தருவது வேறு, வலைஞர் தருவது வேறு. சோறு எவ்வரிசியினது, உடன்வருவது எது என்பதுவரை குறிக்கப்படும். உணவின் பெயரைப் பொதுச்சொல்லாக்கினால் அளித்தவர் அடையாளமே அழியும் என்பதை இப்பாடல்களை ஆங்கிலமாக்கியோர் நன்கறிவர். எதிர்த்திசையிலும் இப்பாடம் பொருந்தும். வழியில் கிடைத்த நூலுணவையும் ஆவியில் வெந்த மாவுணவையும் 'சிற்றுண்டி' என்று எழுதிக் கடந்து செல்லுதல் தகாது.

பொருநராற்றுப்படையில் ஒரு நுட்பம் உண்டு. கரிகாலனிடம் நாள்தோறும் உண்டு சலித்த பொருநன் தன் பழைய ஊருக்குத் திரும்ப விரும்புகிறான். அதனை மெல்லக் கூறுகிறான். அரசன் பிரிய மனமின்றிச் சினந்தான்போல் தோன்றுகிறான். பின் பரிசில் நல்கி ஏழடி பின்சென்று வழிவிடுகிறான். விருந்தோம்பலில் வருகையைவிடப் பிரிவே மொழியளவில் இடர்மிக்கது என்பதைப் பழம்புலவர் உணர்ந்திருந்தனர். மறைமுகக் கூற்று, மெல்லிய குரல், பொய்ச்சினம் ஆகிய அனைத்தும் அங்கே மொழியின் கூறுகள். பயணநூலின் பிரிவுக் காட்சிகளைத் தமிழாக்குவோருக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆற்றுப்படையின் விருந்து புரவலன் புகழை விளக்கும் பொருட்டுப் பாடப்பட்டது. அங்கே வறியவர் வீட்டு விருந்தும் வள்ளலின் ஆட்சிச்சிறப்பிற்குச் சான்று. சேத்தின் வழியில் விருந்தளித்தோர் எவர் புகழுக்கும் சான்றாகவில்லை. நோர்புவின் வீடு அரசின் புகழுக்கு எதிர்ச்சான்று. ஆகவே ஆற்றுப்படையின் சொல்வளத்தைப் பெறலாம். அதன் வாழ்த்துத் தொனியைப் பெறலாகாது.

8. எந்தத் தமிழ்?

1959-இல் ஃபெர்கூசன் விளக்கிய இரட்டை வழக்குநிலை தமிழுக்கு முற்றும் பொருந்துவது. கதைகூறும் பகுதி எழுத்துத்தமிழில் அமையும் என்பதில் ஐயமில்லை. உரையாடலில் சுய் எத்தமிழ் பேசுவார்? ஒரு வட்டார வழக்கை அவருக்குத் தந்தால் கோபி பாலைநிலத்தில் மதுரைக்காரர் லாரி ஓட்டுவதாகிவிடும். தூய எழுத்துத்தமிழைத் தந்தால் அவர் மேடையில் பேசுபவராவார். 'லாரி'யைச் 'சரக்குந்து' என அவரே கூறுவது நகைப்பிற்கிடமாகும். வட்டாரச் சார்பு குறைந்த பொதுப் பேச்சுத்தமிழே அவருக்கு ஏற்றது.

நோர்புவும் சேத்தும் உரையாடும் இடத்தில் இதற்கு மாறான தேர்வு பொருந்தும். இருவரும் கற்ற மொழியில் பேசுபவர்கள். கற்ற மொழியினர் எழுத்து வழக்கைச் சார்ந்தே பேசுவர். தமிழைப் பயின்ற அயல்மொழியாளரிடம் இதனைக் காண்கிறோம். எனவே அவர்களது உரையாடலை எழுத்துத்தமிழுக்கு நெருக்கமாக, சிறு சிறு தொடர்களில் அமைத்தால், சேத்தின் ஆங்கிலம் மறைத்த ஒரு வேறுபாட்டைத் தமிழ் மீட்டெடுக்கும். மூலநூலைவிட மொழிபெயர்ப்பு நிகழ்ச்சிக்கு நெருக்கமாக அமையும் அரிய வாய்ப்பு இது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ஆசிரியர் எழுதியது ஆங்கிலம். அவர் எழுதாத சீனத்தை ஊகித்துப் பெயர்க்க நமக்கு உரிமை ஏது? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் தமிழின் இலக்கணம் நடுநிலைக்கு இடந்தருவதில்லை என்பதை மறத்தலாகாது. 'நீங்கள்' என எழுதுவதும் ஓர் ஊகமே. ஆராயாது செய்த ஊகம். ஊகம் தவிர்க்க இயலாதெனின் அது ஆங்கிலப் பழக்கத்தால் அமையாமல் பேச்சுச்சூழலின் ஆராய்ச்சியால் அமைதல் நன்று. சேத்தின் 'எ சூட்டபிள் பாய்' புதினத்தைக் கோபால் காந்தி 1998-இல் இந்தியில் தந்தபோது இத்தகைய கடமையே அவர்க்கு வாய்த்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வட இந்தியக் குடும்ப உரையாடலுக்கு 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்று படிகளை அவர் ஒவ்வொரு வாயிலும் வைத்தாக வேண்டியிருந்தது. த. நா. குமாரஸ்வாமி முதலியோர் வங்கநூல்களை வங்கத்திலிருந்தே பெயர்த்தமையால் தமிழ்வாசகர் பெற்ற பயனும் இதுவே: உறவுகளின் படிநிலை குலையாமல் வந்தது.

9. வீடு, ஊர், தில்லி

நூலின் இலக்கு வீடு. அதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கட்டடத்தையும் குடும்பத்தையும் பிறந்த மண்ணையும் ஒருங்கே தழுவுவது. சீனச்சொல் வீட்டையும் குடும்பத்தையும் குறிக்கும். தமிழில் வீடு, இல்லம், ஊர், நாடு எனப் பங்கீடு அமைந்துள்ளது. சேத் திரும்பியது பெற்றோர் வாழ்ந்த தில்லிக்கு. அவர் தாயார் லீலா சேத் அப்போது தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி. பிறந்தது வேறிடம், பயின்றது வேறிடம். இந்நிலையில் 'வீடு திரும்பினார்' எனலாமா, 'ஊர் திரும்பினார்' எனலாமா?

தில்லித் தமிழரின் வழக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும். கரோல்பாக்கிலோ இராமகிருஷ்ணபுரத்திலோ முப்பது ஆண்டு வாழ்ந்தவரிடம் 'ஊருக்கு எப்போது?' என்று கேட்டால், அவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பயணச்சீட்டைப் பற்றியே விடை கூறுவார். தில்லியில் இருப்பது வீடு. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தெற்கே இருப்பது ஊர். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் தில்லியினின்று உத்தரப்பிரதேசத்தையும் பீகாரையும் நோக்கி நடந்தே சென்ற தொழிலாளரைப் பற்றி எழுதிய தமிழ் நாளிதழ்கள் 'சொந்த ஊர்' என்னும் தொடரையே கையாண்டன. 'வீடு' என எழுதியிருந்தால் அந்நடையின் தொலைவு புலப்பட்டிராது. அவ்வழியில் நீரும் உணவும் தந்தோர் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டோரும் உண்டு. வழியின் விருந்து, வழிச்செல்வோர் யார் என்பதைப் பொறுத்தும் அமைகிறது. மாணவருக்குத் திறந்த கதவு எல்லோர்க்கும் திறப்பதில்லை.

சேத்தின் நூலுக்கு வருவோமாயின், பயணத்தின் தொடக்கத்தில் 'ஊர்' என்பதும் இறுதியில் 'வீடு' என்பதும் பொருந்தும் எனலாம். தொலைவில் நின்று நோக்கும்போது தில்லி ஓர் ஊர். பெற்றோர் முகம் காணும்போது அது வீடு.

10. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: பயணநூலை மொழிபெயர்ப்போர் நூல்மொழியோடு பேச்சுமொழி எது என்பதையும் ஒவ்வோர் உரையாடலிலும் வினவுதல் வேண்டும். முன்னிலை, முறைப்பெயர், தன்மைப் பன்மை, உபசாரத் தொடர், விடைமொழி ஆகிய ஐந்தும் விருந்தோம்பலின் மொழிக்கூறுகள். ஆங்கிலம் இவற்றிற் பலவற்றை வெளிப்படையாகக் குறிப்பதில்லை. தமிழ் குறித்தேயாக வேண்டும். அறிய இயன்றவற்றை மீட்டெடுத்தலும், அறிய இயலாதவற்றைப் பொதுச்சொல்லால் விட்டுவைத்தலும் மொழிபெயர்ப்பாளர் கடமை.

விருந்தளித்தோரின் சொல் பயணி எழுதும்போது ஒருமுறை மாறுகிறது. நாம் பெயர்க்கும்போது மறுமுறை மாறுகிறது. அவர்கள் உண்ண அழைத்த குரல் இரு பெயர்ப்புகளுக்குப் பின்னும் தமிழ்வாசகர் காதில் அழைப்பாகவே விழவேண்டும். அறிவிப்பாக விழுமாயின், சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் மொழிபெயர்ப்பு தவறியதே ஆகும்.